ஒட்டுத் தெரியட்டும்

ஒரு பார்வையில் அடங்காத காட்சியை ஒரு படத்தில் அடக்கிவிட வேண்டும் என்னும் ஆசை, புகைப்படக்கலைக்கு மூத்தது. 1787ஆம் ஆண்டிலே எடின்பரோ நகரில் வாழ்ந்த றொபேட் பார்க்கர் என்னும் ஓவியர், தம்மைச் சூழ்ந்த காட்சி முழுவதையும் வட்டச் சுவரிலே தீட்டிக் காட்டும் முறை ஒன்றுக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். 1793இல் இலண்டன் மாநகரின் லெஸ்ரர் சதுக்கத்தில் அதற்கெனவே வட்டக் கட்டடம் ஒன்றை எழுப்பிக் காசு வாங்கிக்கொண்டு மக்களை உள்ளே விட்டார். ‘எல்லாம்’ என்றும் ‘காட்சி’ என்றும் பொருள்தரும் இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து இதற்குப் ‘பனோரமா’ என்று பெயர் வைத்தனர். தமிழில் அகலக்காட்சி என்று வைத்துக்கொள்ளலாம். பெயரிலே எனக்குப் பிடிவாதம் ஏதும் இல்லை.

பிடிவாதம் வேறொன்றில் உண்டு. இன்று கைத்தொலைபேசி வைத்திருப்போர் எல்லாரும் அகலக்காட்சிப் படம் எடுக்கின்றனர். கருவியைக் கையிற் பிடித்துக்கொண்டு இடமிருந்து வலமாக ஒருமுறை திரும்பினாற் போதும். நீண்ட படம் ஒன்று ஆயத்தமாகிவிடுகின்றது. அப்படத்தில் எத்தனையோ துண்டுகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. ஆயினும் ஓர் ஒட்டேனும் கண்ணுக்குப் புலனாவதில்லை. புலனாகாதிருப்பதே அதன் சிறப்பு என்று விற்பவர் கூறுகின்றனர், வாங்குபவர் நம்புகின்றனர், படக்கலை பயிற்றும் வகுப்புகளிலும் அதையே சொல்லிக்கொடுக்கின்றனர். இக்கருத்தை நான் ஏற்பதற்கில்லை. கண்டு மகிழ்ந்துவிட்டு மறந்துவிடும் படங்களைப்பற்றி எனக்கு வழக்கில்லை. சான்றாக வைத்துப் பேணவேண்டிய படத்தில் ஒட்டை மறைப்பது சான்றையே கெடுப்பதாகும் என்பது எனது துணிபு.

அண்மையில் ஆசிரிய நண்பர் ஒருவர் தம் ஊர்க் கோவிலின் வெளிமதிலை இவ்வகையிற் படமெடுத்து வந்து காட்டினார். மதில் நெடுக நடந்துகொண்டே எடுத்த படம். காவியும் வெள்ளையுமாகப் பட்டைகள் வரிசையாக ஓட, பார்வைக்கு மிக நன்றாகவே இருந்தது. ஐயம் ஒன்று தோன்றவே, இருவரும் மதிலடிக்குப் போய்ப் பட்டைகளை எண்ணினோம். மதிலில் உள்ளவற்றிலும் படத்தில் உள்ளவை மூன்று குறைவு. ஒரு பட்டை அடுத்த பட்டையைப் போலவே இருப்பதால், அயலதை இதுவென மயங்கிய கருவி ஒன்றன்மேல் ஒன்றைப் பொருத்திவிட்டது. சரி, பிழை எந்த இடத்தில் நேர்ந்தது? அதைத்தான் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒட்டுத் தெரிந்திருந்தால் அந்த இடத்தில் விரலை வைத்திருப்போம்.

பட்டைகள் போனாற் போகட்டும்; சுண்ணாம்பும் காவியும்தானே. அதே மதிலில் எழுத்து இருந்திருந்தால்?

இதை விளங்கிக்கொள்வதற்கு, இத்தகைய படங்கள் எவ்வாறு உருவாகின்றன என்பதைச் சற்றே ஆராய்தல் வேண்டும். முறைகள் பலவென்று நூல்கள் கூறும். அடிப்படையில் அவை இரண்டே என்பேன். நின்ற இடத்தில் நின்று திரும்புதல் ஒன்று. பொருளின் அருகே நடந்து செல்லுதல் மற்றொன்று. கைப்பெருவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, வலக்கண்ணையும் இடக்கண்ணையும் மாறிமாறி மூடிப் பாருங்கள். தூரத்துப் பனைமரத்தின் முன்னே விரல் இங்கும் அங்குமாகத் தாவும். பார்க்கும் இடம் மாறியதும், அண்மையிலுள்ளது சேய்மையிலுள்ளதை விட்டு விலகுகின்றது. கமெராவும் அப்படியே. திரும்பும்போது அது சிறிதும் இடம்பெயராதிருக்க வேண்டும். இன்னும் நுட்பமாகச் சொன்னால், ஒளி உள்ளே நுழையும் வாயிலாக வில்லையிற் காணப்படும் புள்ளியை அச்சாகக்கொண்டே திரும்ப வேண்டும். அப்படித் திரும்பினால், எடுத்த துண்டுகள் முன்னும் பின்னும் பிசகின்றிப் பொருந்தும். நடந்து செல்லும் முறையிலோ கமெரா இடம்பெயர்வது தவிர்க்க முடியாதது. ஆகையால் படமாகும் பொருள் சுவரைப்போலத் தட்டையாக இருந்தால் மட்டுமே துண்டுகள் பொருந்தும். கணிதம் பிசகின்றி ஒட்ட இடங்கொடுப்பது இவ்விரு நிலைகளிலேதான்: அசையாத மையம், அல்லது தட்டையான பொருள். ஏனைய இடங்களிலெல்லாம் ஒட்டு என்பது ஓரளவு சமாதானமே. சமாதானம் செய்துகொள்வதிற் குற்றமில்லை. செய்துகொண்டதை ஒளிப்பதே குற்றம்.

திரும்பும் வழியிற் சென்றவர்கள் ஆற்றிய பெருஞ்செயல்கள் சில உண்டு. 1848ஆம் ஆண்டில் சாள்ஸ் ஃபொன்ரெயின், வில்லியம் போட்டர் என்னும் இருவர், அமெரிக்காவின் ஒஹாயோ ஆற்றுக்கு இக்கரையில் நின்று, அக்கரையிலிருந்த சின்சினாற்றி நகரை எட்டு வெள்ளித் தகடுகளில் எடுத்தனர். அத்தகடுகளை ஒன்றோடொன்று கலக்க வழியே இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனி உலோகப் பலகை. அருகருகே சட்டத்தில் வைத்துவிட்டார்கள், அவ்வளவே. ஒன்றரை நூற்றாண்டுக்குமேல் கழித்து நுணுக்குக்காட்டியின் துணையோடு அவற்றை ஆராய்ந்தவர்கள், கடைப் பலகைகளின் எழுத்துக்களையும் கோபுர மணிக்கூட்டின் முட்களையும் வாசித்தனர். எட்டுத் தகடுகளுக்கும் இடையேயுள்ள சட்டங்கள் அந்த வாசிப்புக்கு எவ்வித இடையூறும் செய்யவில்லை.

சிட்னி நகரின் கதை இதனினும் சுவையானது. பேணாட் ஹோல்ற்றமன் என்பவர் ஜெர்மனியிலிருந்து அவுஸ்திரேலியாவுக்குக் குடியேறிப் பொன் தோண்டியவர். 1872இல் ஹில் எண்ட் என்னும் இடத்திற் கிடைத்த பெரும்பொற்பாறையால் செல்வரானவர். செல்வம் வந்ததும் குடாவின் வடகரையில் மாளிகை கட்டி, அதற்குக் கோபுரமும் எழுப்பி, அக்கோபுரத்தையே கமெராவாக்கிக்கொண்டார். சாள்ஸ் பேலிஸ் என்னும் படப்பிடிப்பாளர் 1875இல் அங்கிருந்து 23 கண்ணாடித் தகடுகளில் துறைமுகத்தையும் நகரத்தையும் எடுத்தார். அக்காலத்து ஈரத்தகட்டு முறையில், கண்ணாடியிற் கொலோடியன் பூசி, ஈரம் உலருமுன் படம்பிடித்து, ஈரம் உலருமுன் கழுவவும் வேண்டும். இருபத்துமூன்று முறை இந்த ஓட்டம். அச்சிட்டு ஒட்டியபோது ஏறத்தாழ 10 மீற்றர் நீளம் வந்தது. 1876இல் பிலடெல்பியாக் கண்காட்சியிலும் 1878இல் பாரிஸ் கண்காட்சியிலும் அது பரிசு பெற்றது. பொன்னால் வந்த பணத்தை இப்படிச் செலவழித்த செல்வர் நம் பக்கத்தில் யாரேனும் உண்டா என்று கேட்கத் தோன்றுகின்றது. கேட்டு என்ன பயன்!

1878இல் எட்வேட் மைபிறிட்ஜ் சான் பிரான்சிஸ்கோ நகரின் மேட்டு மாளிகை ஒன்றின் கோபுரத்தில் ஏறி, 13 பெருந்தகடுகளில் முழுவட்டமும் எடுத்தார். நீட்டி வைத்தால் 17 அடிக்கு மேல். 1906ஆம் ஆண்டு நிலநடுக்கமும் தீயும் அந்நகரை அழித்தபின், அழிந்த நகருக்குச் சாட்சியாக எஞ்சியவற்றுள் இப்படமும் ஒன்று. இதில் நான் பெரிதும் போற்றுவது ஒரு குறையையே. பதின்மூன்று தகடுகளுள் ஒன்று வரிசை தப்பி, அன்றைய பொழுதில் பிந்தி எடுக்கப்பட்டது. எப்படித் தெரியும்? நிழல்கள் சொல்கின்றன. அயலிலுள்ள தகட்டில் ஒரு பக்கம் விழும் நிழல், அத்தகட்டில் வேறு விதமாக விழுகின்றது. ஒவ்வொரு தகடும் தன் எல்லைக்குள்ளே தன் நேரத்தைக் காட்டிக்கொண்டு நிற்பதாலேயே நாம் இதை அறிகின்றோம். இன்றைய கருவியிடம் அத்தகடுகளைக் கொடுத்திருந்தால், வெளிச்சத்தைச் சமன்செய்து, விளிம்பைக் குழைத்து, ஒரு நாளை ஒரு கணமாக்கியிருக்கும்.

தானாகச் சுழலும் கமெராக்களும் உண்டு. 1904இல் அமெரிக்காவில் உரிமைப் பத்திரம் பெற்ற ‘சேர்க்கற்’ கமெரா, கடிகாரப் பொறியால் முக்காலியின்மேல் மெல்லச் சுற்ற, உள்ளே பிலிம் எதிர்த்திசையில் ஒடுங்கிய பிளவு ஒன்றைக் கடந்து ஓடும். ஒட்டே இல்லாத நெடும்படம். பாடசாலை மாணவரையும் படைவீரரையும் வரிசையாக நிறுத்தி இதனால் எடுத்தனர். வரிசை படத்தில் நேராகத் தோன்ற வேண்டுமாயின், உண்மையில் அவர்கள் வில்போல வளைந்து நிற்க வேண்டும். ஒரு முனையில் நின்ற குறும்புக்கார மாணவன், கமெரா தன்னைக் கடந்ததும் பின்புறமாக ஓடி மறுமுனையிற் போய் நின்று, ஒரே படத்தில் இருமுறை சிரித்த கதைகள் பல நாட்டுப் பாடசாலைகளில் வழங்குகின்றன. ஒட்டு இல்லாத படமும் பொய் சொல்லும் என்பதை அந்த மாணவன் அன்றே நிறுவிவிட்டான்.

இனி நடந்து செல்லும் வழிக்கு வருவோம். தமிழராகிய நமக்கு மிக நெருக்கமான சான்று ஒன்று இங்கேதான் இருக்கின்றது. அதை நம்மவரிற் பலர் அறியாதிருப்பது எனக்கு வியப்பைத் தருகின்றது.

லினேயஸ் ட்றைப் என்னும் ஆங்கிலேயர் கிழக்கிந்தியக் கம்பனியின் சென்னைப் படையில் அதிகாரியாக இருந்தவர். 1856இல் சென்னை மாகாண அரசு அவரைத் தன் படப்பிடிப்பாளராக நியமித்தது. 1857ஆம் ஆண்டின் இறுதியிற் புறப்பட்டு, சீரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று மாட்டுவண்டிகளிற் பொருள்களை ஏற்றிக்கொண்டு திரிந்தார். வெயிலில் ஈரத்தகடு உலர்ந்துவிடும். கண்ணாடி வழியிலே உடையும். ஆதலால் மெழுகிட்ட தாளிலே நெகட்டிவ் எடுத்தார். 1858இல் தஞ்சைப் பெருவுடையார் கோவிலை அடைந்தபோது, மற்றப் படப்பிடிப்பாளர் எவரும் நினையாத ஒன்றைச் செய்தார். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டு வரிகளைத் துண்டு துண்டாகத் தொடர்ந்து எடுத்து, 21 அச்சுக்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள சுருளாக ஆக்கினார்.

எண்ணிப் பாருங்கள். கோபுரத்தின் உச்சியில் ஏறி நகரைச் சுற்றிப் பார்த்தவர்கள் ஒருபுறம்; குனிந்து, சுவரோடு சுவராக, எழுத்தின் பின்னாலேயே நடந்த இவர் ஒருபுறம். தமக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தாக அது இருந்திருக்கலாம். ஆயினும் வாசிப்பவன் செல்லும் பாதையிலேயே அவருடைய கமெரா சென்றது. தானும், தமக்கையும், தேவியரும், பிறரும் கொடுத்தவற்றைக் கல்லில் வெட்டுக என்று முதலாம் இராசராசன் இட்ட ஆணை அந்த விமானத்தின் அடியிலேயே இருக்கின்றது. அவற்றை ஹூல்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் வாசித்துத் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதியில் வெளியிடத் தொடங்கியது 1891இல். அதாவது, அறிஞர் வாசித்து அச்சிடுவதற்கு முப்பத்துமூன்று ஆண்டுகள் முன்னரே அவ்வெழுத்துக்கள் புகைப்படச் சுருளாகியிருந்தன.

ட்றைப் தம் நெகட்டிவ்களில் மை தீட்டி, வெறித்துக் கிடந்த வானத்தில் மேகங்களையும், மங்கிய மரங்களில் இலைகளையும் சேர்க்கும் பழக்கமுடையவர். அக்கால வழக்கம் அது; நான் குறைகூறேன். மேகம் ஒன்று கூடினால் எவருக்கும் நட்டம் இல்லை. எழுத்துச் சுருளிலோ இருபத்தொரு தாள்களின் விளிம்புகள் அப்படியே தெரிகின்றன. எந்த வரி எந்தத் தாளில் முடிந்து அடுத்த தாளில் எங்கே தொடர்கின்றது என்பதை ஆராய்பவன் தானே சரிபார்த்துக்கொள்ளலாம். அக்கோவிலின் மதிற்சுவரில் நானூறு தளிச்சேரிப் பெண்களின் பெயர்கள், அவர்கள் குடியிருந்த தெரு, சிறகு, வீட்டு வரிசை என்பவற்றோடு வெட்டப்பட்டுள்ளன. ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு; பங்கொன்றுக்கு ஆண்டுதோறும் நூறு கலம் நெல். ஒரே வாய்பாட்டில் நானூறு முறை திரும்பத் திரும்ப வரும் அத்தகைய வரிகளை, பட்டைகளை விழுங்கிய அந்தக் கருவியிடம் ஒப்படைத்தால் என்ன ஆகும்? பெண்கள் சிலர் பெயரின்றி மறைவர். மறைந்த இடமும் தெரியாது.

1859இல் சென்னைக்கு ஆளுநராக வந்த சாள்ஸ் ட்றெவெலியன், புகைப்படம் எடுப்பது அரசின் நிதிநிலைக்கு ஒவ்வாத ஆடம்பரம் எனக் கருதி ட்றைப்பின் பணியை நிறுத்திவிட்டார். கணக்குப் பார்ப்பவர்கள் எக்காலத்திலும் இருக்கவே செய்கின்றனர்.

நடந்தெடுக்கும் வழி அதன்பின் மறைந்துபோய்விடவில்லை. 1966இல் எட் றூஷே என்னும் அமெரிக்க ஓவியர், லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் சன்செற் வீதியின் ஒரு பகுதியில் இருமருங்கும் உள்ள கட்டடங்கள் அனைத்தையும் ஓடும் வண்டியிலிருந்து எடுத்து, மடித்து விரிக்கும் நூலாக வெளியிட்டார். விரித்தால் ஏறத்தாழ 25 அடி. அதில் ஒட்டுக்கள் வெளிப்படையாகவே தெரிகின்றன. சில இடங்களில் மோட்டார் வண்டிகள் பாதியில் வெட்டுண்டு நிற்கின்றன. பார்ப்பவர் ஏமாறுவதற்கு அங்கே இடமில்லை.

மறுப்புரைப்பார் கூற்றையும் கேட்போம். ஒட்டை மறைக்கும் கலை அறிவாளிகள் உழைத்துக் கண்டது. அதை இகழலாமா என்பர். இகழவில்லை. 1983இல் பீற்றர் பேட், எட்வேட் அடெல்சன் என்னும் இருவர் வெளியிட்ட முறையில், பெரிய நிறவேறுபாடுகள் அகன்ற பரப்பிலும் நுண்ணிய விவரங்கள் ஒடுங்கிய விளிம்பிலும் கலக்கப்படுகின்றன. அதனால் மங்கலின்றி ஒட்டு மறைகின்றது. 2003இல் மத்தியூ பிறவுண், டேவிட் லோவ் என்போர், கலைந்து கிடக்கும் நூறு படங்களைக் கொடுத்தாலும் எது எதனோடு சேரும் என்று கணினி தானே கண்டு ஒட்டும் வழியைக் காட்டினர். அவை வியக்கத்தக்க ஆக்கங்கள் என்பதில் ஐயமில்லை. மலைநாட்டுத் தேயிலைச் சரிவையோ கடற்கரை அந்தியையோ அவ்வழியில் ஒட்டி வீட்டுச் சுவரில் மாட்டுங்கள். நானும் வந்து பார்த்து மகிழ்வேன். ஆனால் கணினி எங்கே ஒட்டியது, எதைக் கழித்தது என்ற குறிப்பு அப்படத்தோடு வருவதில்லை. கைத்தொலைபேசியோ தான் எடுத்த துண்டுகளையே பெரும்பாலும் வைத்திருப்பதில்லை. கீற்றுக் கீற்றாக அரிந்து ஒட்டி முடித்ததும் மூலத்தை எறிந்துவிடுகின்றது. பதிப்பாசிரியர் ஒருவர் பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடங்கொண்டு நூலை அச்சேற்றிய பின், பாடபேதக் குறிப்புமின்றி ஏடுகளையும் தீயிலிட்டால் நாம் அவரைப் போற்றுவோமா? சாமிநாதையரும் தாமோதரம்பிள்ளையும் தந்த பதிப்புக்களைப் படித்து வளர்ந்த நமக்கு இந்த உவமை போதும்.

ஏடு என்றேன். ஓலைச்சுவடியின் ஏடும் ஒருவகை அகலக்காட்சியே. முழம் நீளம், மூன்று விரல் அகலம். முழுவதையும் ஒரே படத்தில் அடக்கினால் எழுத்துப் பொடியாகிவிடும். கிட்டப்போய் மூன்று நான்கு துண்டுகளாக எடுத்தாலே கீறலும் எழுத்தும் வேறுபிரியும். ஏடு தட்டையானதாகையால், கமெராவை ஒரே உயரத்தில் வைத்து ஏட்டைப் பக்கவாட்டில் நகர்த்தினால் துண்டுகள் நன்றாகவே பொருந்தும். இது கடினமான வேலையன்று. மேல்வகுப்பு மாணவர் செய்யக்கூடியது. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. படமாக எடுத்துவைக்கப்படாமல் எரிந்துபோன சுவடியை எந்தக் கணினியும் மீட்டுத்தரப் போவதில்லை. எஞ்சியவை வீட்டுப் பரண்களிலும் மடங்களிலும் இன்னமும் கிடக்கின்றன. அவற்றை அவசரத்தில் கைத்தொலைபேசியால் ஒரு வீச்சு வீசி, ஒட்டுத் தெரியாத அழகிய படமாக்கிக் கொடுப்பவரைக் காணும்போது எனக்கு அச்சமே மிகுகின்றது. எழுத்து விழுங்கப்பட்ட படம், படமே இல்லாமையினும் கொடியது. இல்லாததை இல்லையென்று அறிவோம். அதுவோ உள்ளதுபோல் நடிக்கும்.

ஆதலின், தமிழ்ச் சங்கங்களும் பாடசாலை இலக்கிய மன்றங்களும் இப்பணியில் இறங்குமாயின், முறையை முன்கூட்டியே வகுத்துக்கொள்ளல் நன்று. சுவர் எழுத்தாயின், சுவருக்குச் சமாந்தரமாக இரு முளைகளுக்கிடையே கயிறு கட்டி, இரண்டடிக்கு ஒரு முடிச்சு இடுங்கள். முடிச்சுக்கு நேரே முக்காலி நிற்கட்டும். சுவருக்கும் கயிற்றுக்கும் உள்ள தூரம் தொடக்கம் முதல் இறுதிவரை ஒன்றாக இருக்க வேண்டும். கமெரா சுவரை நேரே நோக்க வேண்டும். ஒவ்வொரு படமும் முந்திய படத்தில் மூன்றில் ஒரு பங்கையேனும் மீண்டும் காட்டட்டும். நண்பகலில் எடுக்க வேண்டாம். தலைக்குமேல் நின்று காயும் வெயிலில் கல்லெழுத்து முகமற்றுப் போகும். காலையிலோ மாலையிலோ சாய்ந்த ஒளி சுவரைத் தடவிச் செல்லும்போது ஒவ்வொரு வெட்டிலும் நிழல் தங்கும். சட்டத்தின் கீழ்மூலையில் அடிக்கோல் ஒன்றும் முடிச்சின் எண் எழுதிய சிறு அட்டை ஒன்றும் எப்பொழுதும் தெரியட்டும். வெளிச்சம் கூடியும் குறைந்தும் போனாற் போகட்டும், திருத்த வேண்டாம். ஒட்டும்போது தாள்களை அருகருகே வைத்து விளிம்பு தெரிய ஒட்டுங்கள். கணினியில் ஒட்டினால், ஒட்டிய படம் ஒருபுறம் இருக்கட்டும். மூலத்துண்டுகள் அனைத்தையும் குறைந்தது இரண்டு இடங்களில் வையுங்கள். முடிச்சின் எண், படத்தின் எண், எடுத்த நாள், நேரம், எடுத்த மாணவரின் பெயர் ஆகியவற்றை ஒரு கொப்பியில் மையினால் எழுதி, அக்கொப்பியையும் படங்களோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.